ஜிப்ரால்டர், 1988: ஊகம் உத்தரவாக மாறிய ஞாயிற்றுக்கிழமை

பயங்கரவாதத்தை எதிர்கொள்ளும் அரசு எந்த இடத்தில் சட்டத்தை மீறுகிறது என்று கேட்டால், பலரும் துப்பாக்கி விசையைத்தான் காட்டுவார்கள். 1995 செப்டம்பர் 27 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு வேறு இடத்தைக் காட்டியது. 1988 மார்ச் 6 அன்று ஜிப்ரால்டரில், வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுத அமைப்பான ஐ.ஆர்.ஏ.வைச் சேர்ந்த மூவரைப் பிரிட்டிஷ் சிறப்புப் படைச் சிப்பாய்கள் நால்வர் சுட்டுக் கொன்ற வழக்கு அது. சுட்ட நால்வரையும் நீதிமன்றம் குற்றம் சொல்லவில்லை. அவர்களை அப்படியொரு நம்பிக்கையோடு அந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியவர்களிடம்தான் கேள்வி கேட்டது. 10-க்கு 9 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு அது. நீதிமன்றத்தின் தலைவரே சிறுபான்மைப் பக்கம் இருந்தார். அரசின் தவறு எங்கே தொடங்கியது என்று தேடுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது. இறந்தவர்கள், அதிகாரிகள், சிப்பாய்கள் யாருடைய பெயரும் இங்கே தேவைப்படாது.

பின்னணி

ஸ்பெயினின் தென்முனையில் பிரிட்டனின் ஆட்சியில் உள்ள சிறு நிலப்பகுதி ஜிப்ரால்டர். பரப்பளவு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தரைவழியாக உள்ளே வர ஒரே எல்லைச் சாவடிதான். பின்னால் வரப்போகும் வாதங்களுக்கு இந்தப் புவியியல் முக்கியம்.

1987 நவம்பர் 8 அன்று வட அயர்லாந்தின் என்னிஸ்கில்லனில், போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள் நிகழ்ச்சியில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள். சாதாரண மக்களைக் கொன்றதால் அந்த அமைப்புக்கு அயர்லாந்துக்குள்ளேயே கடும் கண்டனம் எழுந்தது. 1988 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் ஐ.ஆர்.ஏ.வின் கார் குண்டு ஒன்று பிடிபட்டது. அது ரேடியோ கருவியால் தூரத்திலிருந்து வெடிக்கவைக்கக் கூடியது.

அடுத்த இலக்கு ஜிப்ரால்டர் என்று பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தகவல் கிடைத்தது. அப்போது அங்கே செவ்வாய்க்கிழமைகளில் ராணுவக் காவல் மாற்றும் அணிவகுப்பு நடந்துவந்தது. இசைக்குழுவும் வீரர்களும் கூடும் திடல்தான் குறி, நாள் மார்ச் 8 என்று மதிப்பிட்டார்கள். வரப்போகும் மூவர் யார் என்பதும் ஏறக்குறையத் தெரிந்திருந்தது. அவர்களில் இருவர் வெடிபொருள் குற்றங்களுக்காக முன்பே சிறையில் இருந்தவர்கள். இதுவரை உளவுத்துறை சொன்னதெல்லாம் சரி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஏனென்றால் இனி வருவதை மட்டும் படிப்பவருக்கு அது கையாலாகாத உளவுத்துறை என்று தோன்றிவிடும்.

தெரிந்தவையும் கருதியவையும்

உள்ளூர்க் காவல் ஆணையருக்கு உதவ பிரிட்டனிலிருந்து ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையினர் அனுப்பப்பட்டார்கள். மார்ச் 5 அன்று ஆணையர் கொடுத்த செயல்முறை உத்தரவில் உயிர்களைக் காப்பது, தாக்குதலை முறியடிப்பது, குற்றவாளிகளைக் கைது செய்வது ஆகியவை நோக்கங்களாக எழுதப்பட்டிருந்தன. காகிதத்தில் அது ஒரு கைது நடவடிக்கை.

அன்று நள்ளிரவில் நடந்த விளக்கக் கூட்டத்தில் சிப்பாய்களுக்குச் சொல்லப்பட்டவை வேறு தொனியில் இருந்தன. கார் குண்டுதான் பயன்படுத்தப்படும். மூவரில் ஒருவரிடமாவது அதை வெடிக்கவைக்கும் ரேடியோ பொத்தான் இருக்கும். அவர்களிடம் ஆயுதமும் இருக்கக்கூடும். மடக்கினால் பொத்தானை அழுத்தத் தயங்கமாட்டார்கள்.

இவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்தில் நேரில் கண்டறிந்த உண்மை இல்லை. பிரஸ்ஸல்ஸ் குண்டு ரேடியோவில் இயங்கியது. என்னிஸ்கில்லனுக்குப் பிறகு பொதுமக்களைத் தவிர்க்க, கண்ணால் பார்த்துக்கொண்டே வெடிக்கவைக்கும் முறையை ஐ.ஆர்.ஏ. விரும்பும். இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து வந்த அனுமானம் அது. அனுமானம் என்ற அளவில் அறிவுக்கு ஒவ்வாதது என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு வாய்ப்பும் இருந்தது. கூட்ட நாளில் திடலில் இடம் கிடைக்காது என்பதால், முதலில் ஒரு வெறும் காரைக் கொண்டுவந்து நிறுத்தி இடம்பிடித்து வைத்து, பிறகு குண்டு உள்ள காரை அந்த இடத்தில் நிறுத்தலாம். அதைத் திட்டமிட்டவர்கள் யோசித்தார்கள், எல்லையை இரண்டு முறை தாண்டும் ஆபத்தை எடுக்கமாட்டார்கள் என்று ஒதுக்கிவைத்தார்கள். ஒதுக்கிய அந்த வாய்ப்பு சிப்பாய்களிடம் வாய்ப்பாகவே போய்ச் சேரவில்லை.

எல்லையில் எடுத்த முடிவு

மார்ச் 6 ஞாயிற்றுக்கிழமை. பகல் 12.30 அளவில் ஒரு வெள்ளை ரெனோ 5 கார் அணிவகுப்புத் திடலில் வந்து நின்றது. ஓட்டியவர் உடனே இறங்கவில்லை. இருக்கைகளுக்கு நடுவே எதையோ நோண்டிக்கொண்டிருந்ததைக் கண்காணிப்பாளர் ஒருவர் கவனித்தார். தேடப்பட்ட மூவரில் ஒருவர்தான் அவர் என்பது பிறகுதான் உறுதியானது. எல்லைச் சாவடியில் அவர் யார் கண்ணிலும் படவில்லை. மற்ற இருவரும் 2.30 அளவில் நடந்தே எல்லையைத் தாண்டி வந்தார்கள். அவர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள், ஆனாலும் விட்டுவிட்டார்கள்.

ஏன்? எல்லையில் பிடித்தால் கையில் ஒன்றும் இருக்காது, வழக்கு நிற்காது, விடுவிக்க வேண்டிவரும், அவர்கள் எச்சரிக்கையாகி வேறொரு நாளில் வருவார்கள். காவல்துறை எப்போதும் சொல்லும் காரணம்தான் இது. பொய்யான காரணமும் இல்லை. ஆனால் சிப்பாய்களுக்குச் சொன்ன கதையோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே பொத்தானில் நகரின் ஒரு பகுதியையே தகர்க்கக்கூடியவர்கள் என்று உண்மையாகவே நம்பியிருந்தால், அவர்களை ஊருக்குள் விடுவதை எப்படி நியாயப்படுத்துவது? நம்பவில்லை என்றால், சிப்பாய்களிடம் அதை ஏன் உறுதியான செய்தியாகச் சொன்னார்கள்? ஸ்ட்ராஸ்பர்க்கில் அரசுத் தரப்பு தப்பிக்க முடியாமல் போன இடம் இதுதான்.

பிற்பகல் 3.40

மூவரும் திடலருகே சந்தித்தார்கள், காரைப் பார்த்தார்கள், வடக்கே எல்லையை நோக்கி நடந்தார்கள். காரைப் பரிசோதிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் காரைத் தொடவில்லை. கடந்துபோகிற மாதிரி வெளியிலிருந்து பார்த்தார். ஓரளவு புதிய காரில் துருப்பிடித்த பழைய ஏரியல் ஒன்று இருந்தது. அது அவருக்கு உறுத்தியது. சந்தேகத்துக்குரிய கார் குண்டு என்று அறிக்கை கொடுத்தார். வட அயர்லாந்தில் கார் குண்டுகளைக் கையாண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் ரேடியோ தொடர்பிலோ வெடிபொருளிலோ தான் நிபுணர் இல்லை என்று மரண விசாரணையில் அவரே சொன்னார்.

3.40-க்கு ஆணையர் கட்டுப்பாட்டை ராணுவத்திடம் ஒப்படைக்கும் படிவத்தில் கையெழுத்திட்டார். அந்த நேரத்துக்குள், ஏரியல் உறுத்தியது என்ற ஒருவரின் கருத்து, தெருவில் இருந்த சிப்பாய்களின் காதில் காரில் குண்டு இருக்கிறது என்ற செய்தியாக விழுந்திருந்தது. இடையில் யாரும் பொய் சொல்லவில்லை. வாய் மாற மாற நடுவிலிருந்த ‘இருக்கலாம்’ உதிர்ந்துபோனது.

அடுத்த சில நிமிடங்களில் நடந்ததற்குச் சிப்பாய்களின் சாட்சியமே முதன்மை ஆதாரம். எல்லைக்குப் போகும் சாலையில், பெட்ரோல் நிலையம் அருகே, மூவரில் ஒருவர் பிரிந்து நகரை நோக்கித் திரும்பினார். மற்ற இருவரை இரண்டு சிப்பாய்கள் பின்தொடர்ந்தார்கள். வேறு வேலைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட காவல்துறைக் கார் ஒன்று போக்குவரத்தில் சிக்கி அப்போது சைரனை அலறவிட்டது. தேவைப்படாத, திட்டத்தில் இல்லாத சைரன். முன்னால் போன ஆண் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்ததாகவும், கை உடலின் குறுக்கே வேகமாக நகர்ந்ததாகவும், பொத்தானைத் தொடுகிறார் என்று நினைத்ததாகவும் முதலில் சுட்டவர் சொன்னார். உடன் இருந்த பெண் கைப்பையைப் பற்றியதாகத் தோன்றியது. அவரையும் சுட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் 12 தோட்டாக்கள். தனியே போனவர் சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பினார். அவர் மீது 15 தோட்டாக்கள். ஆள் அசைவற்றுப் போகும்வரை சுடுவதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. கை உயர்த்தியவர்களைச் சுட்டார்கள் என்றும், விழுந்த பிறகும் சுட்டார்கள் என்றும் சாட்சிகள் சிலர் சொன்னதைச் சுற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது.

சுட்ட பிறகு தெரிந்தவை

மூவரிடமும் ஆயுதம் இல்லை. ரேடியோ பொத்தான் இல்லை. ரெனோ காரில் குண்டு இல்லை.

பெண்ணின் கைப்பையில் இருந்த சாவி ஸ்பெயினில் இன்னொரு காரைத் தேடிப்போக வழிகாட்டியது. மார்ச் 8 அன்று மார்பெல்லாவில் ஒரு நிறுத்தகத்தில் அது கிடைத்தது: 64 கிலோ செம்டெக்ஸ் வெடிபொருள், டெட்டனேட்டர்கள், சுற்றிலும் சுமார் 200 துப்பாக்கித் தோட்டாக்கள். கூடவே இரண்டு நேரக்கருவிகள், ஒன்றில் 10 மணி நேரம் 45 நிமிடம், மற்றதில் 11 மணி நேரம் 15 நிமிடம் என்ற குறி. ரேடியோ கருவி எதுவும் இல்லை. தாக்குதல் திட்டம் நிஜம். ரெனோ வெறுமனே இடம்பிடிக்க வந்தது என்பதும் அப்போது தெளிவானது. அதாவது, யோசித்து ஒதுக்கிய வாய்ப்புதான் நடந்தது.

ஞாயிறு மாலையே பாதுகாப்பு அமைச்சகம் சந்தேகத்துக்குரிய குண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்திருந்தது. மறுநாள் வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, இறந்தவர்களிடம் ஆயுதம் இல்லை, காரிலும் குண்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

சுடப்பட்டவர்களுக்குப் பெல்ஃபாஸ்ட்டில் மார்ச் 16 அன்று நடந்த இறுதிச் சடங்கில் ஒருவர் கையெறி குண்டு வீசிச் சுட்டதில் வேறு மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் மார்ச் 19 அன்று வழிதவறி நுழைந்த இரண்டு பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் பிடித்துக் கொல்லப்பட்டார்கள்.

மரண விசாரணை

ஜிப்ரால்டரில் 1988 செப்டம்பரில் மரண விசாரணை நடந்தது. 79 பேர் சாட்சி சொன்னார்கள். சிப்பாய்கள் திரைக்குப் பின்னாலிருந்து, ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளுக்குள் மறைந்தபடி பேசினார்கள். உளவுத் தகவல்களைப் பற்றிய கேள்விகளுக்குத் தேச நலன் சான்றிதழ்கள் குறுக்கே நின்றன. செப்டம்பர் 30 அன்று 9-க்கு 2 என்ற கணக்கில் சட்டப்படியான கொலை என்று ஜூரி முடிவு சொன்னது. குடும்பத்தினர் வட அயர்லாந்தில் தொடுத்த இழப்பீட்டு வழக்குகள் அமைச்சரின் சான்றிதழால் முடங்கின. பிறகுதான் ஸ்ட்ராஸ்பர்க்.

ஸ்ட்ராஸ்பர்க்கில்

வழக்கின் அடித்தளம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு. ஒருவரை வன்முறையிலிருந்து காப்பது போன்ற சில நோக்கங்களுக்கு, ‘முற்றிலும் இன்றியமையாத’ அளவுக்கு மட்டும்தான் உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. நெருக்கடி நிலையிலும் இந்தப் பிரிவிலிருந்து விலக முடியாது. சட்டப்படியான போர்ச் செயல்களால் ஏற்படும் மரணம் மட்டுமே விதிவிலக்கு.

இங்கே ஓர் அரசியல் நேர்மையும் அடங்கியிருக்கிறது. ஐ.ஆர்.ஏ. தன்னைப் படை என்றும் நடப்பதைப் போர் என்றும் சொல்லிக்கொண்டது. பிரிட்டன் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. அவர்கள் குற்றவாளிகள் என்பதே அதன் நிலைப்பாடு. போர்ச் சட்டத்தில் எதிரிப் படையினரை அவர்கள் படையினர் என்பதாலேயே தாக்கலாம். காவல் சட்டத்தில் அந்த நொடியில் உயிருக்கு ஆபத்து உண்டாக்குகிறவரைத்தான் சுடலாம். எதிரியைக் குற்றவாளி என்று அழைத்துவிட்டு, சுடும்போது மட்டும் போர்வீரன் என்று கருத முடியாது. பல நாடுகள் இரண்டு பெயர்களையும் வசதிப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. இந்த வழக்கில் பிரிட்டன் போர் என்று வாதாடவில்லை. அதை அதன் பெருமையில் சேர்க்கலாம்.

1994-இல், அப்போது வழக்குகளை முதலில் பரிசீலித்துவந்த ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 11-க்கு 6 என்ற கணக்கில் மீறல் இல்லை என்றது. மறுவருடம் நீதிமன்றம் கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்தது. மூவரைக் கொல்ல மேலிடத்தில் சதி நடந்ததா? ஆதாரம் இல்லை. சிப்பாய்கள் சுட்டது தவறா? தங்களுக்குச் சொல்லப்பட்டதை நல்ல காரணத்தோடு நேர்மையாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை பின்னர் பொய்யானாலும் அவர்களின் செயல் மீறல் ஆகாது. நடவடிக்கையைத் திட்டமிட்டதும் நடத்தியதும் சரியா? இங்கேதான் மீறல் என்றது.

அதற்கு மூன்று காரணங்கள் சொன்னது. எல்லையில் தடுக்காமல் விட்டது. உளவு மதிப்பீடு ஓரளவாவது தவறாக இருக்கலாம் என்பதற்கு இடமே வைக்காதது. சுட ஆரம்பித்ததும் அனிச்சையாகச் சாகும்வரை சுட்டது. கடைசிக் காரணத்திலும் குறை சிப்பாய்கள் மீது விழவில்லை. ஜனநாயக நாட்டில் காவல் பணி செய்பவர்களிடம் எதிர்பார்க்கும் எச்சரிக்கை அவர்களின் பயிற்சியிலேயே இல்லை என்பதுதான் நீதிமன்றத்தின் கவலை.

மாற்றுக் கருத்து எழுதிய ஒன்பது நீதிபதிகளின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடைபோடாதீர்கள் என்றார்கள். எல்லையில் பிடித்து விடுவித்திருந்தால், ஒரு மாதம் கழித்து அதே மூவர் வேறொரு வழியில் வந்து வெடிக்கவைத்திருந்தால் என்ன சொல்வீர்கள்? நியாயமான கேள்வி. ஆனாலும் என் பார்வையில் பெரும்பான்மை அந்தக் கண்ணியில் விழவில்லை. ரெனோவில் குண்டு இல்லாததை அது அரசின் குற்றமாக்கவில்லை. குண்டு இல்லாமல் போகக்கூடும் என்று மார்ச் 5 இரவிலேயே யோசித்திருந்தும் அந்த யோசனையைத் தெருவுக்கு அனுப்பாததைத்தான் குற்றமாக்கியது. அதற்குப் பின்னறிவு தேவையில்லை.

குடும்பத்தினருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. இறந்தவர்கள் குண்டு வைக்கும் நோக்கத்தோடு வந்தவர்கள் என்று நீதிமன்றம் வெளிப்படையாகவே எழுதியது. வழக்குச் செலவுக்கு மட்டும் 38,700 பவுண்டு, அதிலும் ஏற்கெனவே பெற்ற சட்ட உதவியைக் கழித்துக்கொண்டு. சிலர் இதை முரண்பாடு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 64 கிலோ செம்டெக்ஸைத் தயாராக வைத்திருந்தவருக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு என்பது ஒரு முடிவு. அந்த உரிமை மீறப்பட்டதற்காக அவர் சார்பில் யாருக்குப் பணம் தருவது என்பது இன்னொரு முடிவு.

பின்விளைவு

லண்டனில் அமைச்சர்கள் கொதித்தார்கள், ஆனால் செலவுத் தொகை கட்டப்பட்டது. தீர்ப்பின் உண்மையான வீச்சு வேறு வழக்குகளில் தெரிந்தது. 2002-இல் மாஸ்கோ திரையரங்கில் பணயக்கைதிகளை மீட்க வாயு செலுத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பணயக்கைதிகளே இறந்தார்கள். வாயுவைப் பயன்படுத்த முடிவெடுத்தது மீறல் இல்லை, மீட்பும் மருத்துவமும் சரியாகத் திட்டமிடப்படாததே மீறல் என்று 2011-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ரஷ்யாவில் 2004-இல் நடந்த பெஸ்லான் பள்ளி முற்றுகை வழக்கிலும் 2017-இல் திட்டமிடல் கேள்வி முக்கியமானது.

பிரிட்டனிலேயே 2005 ஜூலை 22 அன்று லண்டன் சுரங்க ரயிலில் குற்றமற்ற ஓர் இளைஞரைத் தற்கொலைக் குண்டுதாரி என்று நினைத்துக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ‘அவராக இருக்கலாம்’ என்ற கண்காணிப்புக் குறிப்பு ‘அவர்தான்’ என்ற புரிதலாகச் சுட்டவர்களிடம் சேர்ந்தது. பதினேழு வருடம் முன்பு நடந்த அதே நழுவல். தனிநபர் எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் லண்டன் காவல்துறை 2007-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 1,75,000 பவுண்டு அபராதம் கட்டியது. தனிநபர்களை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் பொறுப்பாக்கியது போதாது என்று குடும்பத்தினர் ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். 2016-இல் 13-க்கு 4 என்று அவர்கள் தோற்றார்கள்.

மாற்ற வேண்டியவை

முதலாவது, தகவலின் உறுதி அளவு தகவலோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். ‘காரில் குண்டு’ என்று சொல்லாமல், ‘ஏரியலை வெளியிலிருந்து பார்த்த ஒருவரின் சந்தேகம், உள்ளே சோதிக்கவில்லை’ என்று சொல்வது. சிப்பாய்களின் ரேடியோ தொடர்பில் இதற்கு நேரம் ஏது என்பார்கள். இந்த வாக்கியத்தைச் சொல்ல ஐந்து நொடி போதும். நள்ளிரவுக் கூட்டத்தில் இடம்பிடிக்கும் கார் என்ற வாய்ப்பைச் சொல்ல இன்னும் தாராளமாக நேரம் இருந்தது.

இரண்டாவது, முன்கூட்டியே தடுப்பது. இதில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். ஆதாரம் குறைவாக இருந்தாலும் முதலில் பிடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தால், அரசு அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2001-க்குப் பிறகு பிரிட்டன் வெளிநாட்டவர்களைப் பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் விசாரணையின்றிக் காலவரையறை இல்லாமல் அடைத்தது. 2004 டிசம்பரில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இயங்கிய பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 8-க்கு 1 என்று அது உரிமை உடன்படிக்கைக்கு முரண் என்றார்கள். ஜிப்ரால்டர் எல்லையில் கேட்டது அந்த அளவுக்கு இல்லை. சில மணி நேரத் தடுப்பு, காரைச் சோதிப்பது, பயண ஆவணங்களைப் பார்ப்பது, நீதிபதி முன் நிறுத்துவது. வழக்கு நிற்காமல் போனால் விடுவிப்பது. விடுவிப்பதன் ஆபத்தைச் சுமக்கத் துணிவது அரசின் வேலை. அந்தச் சுமையைத் தெருவில் நிற்கும் சிப்பாயின் தலையில் ஏற்றுவது முறையாகாது.

மூன்றாவது, யாரை அனுப்புவது. உத்தரவில் கைது என்று எழுதிவிட்டு, அசைவு நிற்கும்வரை சுடப் பயிற்றுவிக்கப்பட்டவர்களை அனுப்பினால், உத்தரவும் பயிற்சியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். சிறப்புப் படை தேவைப்படும் சூழல் வரும். அப்போது கைதுக்கான பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கட்டுப்பாட்டை ஒப்படைக்கும் படிவத்தில் கையெழுத்திடும் காவல் அதிகாரி எந்தத் தகவலை நம்பி எழுதினார் என்பதையும் அந்தப் படிவத்திலேயே குறிக்க வேண்டும்.

நான்காவது, சம்பவம் முடிந்த மணி நேரங்களில் வெளியாகும் அரசு அறிக்கை. குண்டு கண்டெடுக்கப்பட்டதாக ஞாயிறு மாலை அறிவித்தவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ள அவசியமில்லை. ஏரியல் பற்றிய அதே சந்தேகம்தான் இன்னொரு கை மாறி அமைச்சகம் வரை போயிருந்தது. சோதித்து முடிக்கும்வரை, மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கார் பரிசோதிக்கப்படுகிறது என்பதோடு அறிக்கையை நிறுத்தியிருக்கலாம்.